ஏழை சொல் கோர்ட்டு ஏறுமா?

“வக்கீல்களுக்கும் சர்க்காருக்கும் தகராறு. அதில் நமக்கென்ன?”

மில் வாசலிலும் டீக்கடைப் பெஞ்சிலும் களத்து மேட்டிலும் சென்ற சில வருஷங்களாக இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. வக்கீல் என்றால் படித்தவர், பீஸ் வாங்குகிறவர், கறுப்புக் கோட்டு மாட்டியவர். அவர் கஷ்டத்தை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வக்கீல் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தவர்களும், வாய்தாவுக்கு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களும் அப்படி எண்ணுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி மூன்று புதிய கிரிமினல் சட்டங்கள் அமலுக்கு வந்தன. 2025 பிப்ரவரியில் வக்கீல்கள் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வெளியிடப்பட்டது. 2025 நவம்பர் 21-ந் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. இதற்கிடையில் கோர்ட்டில் மனுவைக் காகிதத்தில் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, கம்ப்யூட்டர் வழியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. பார்வைக்கு இவையெல்லாம் வக்கீல்களின் தொழில் சங்கதிகள். ஆனால் ஒவ்வொன்றும் கடைசியில் வந்து விழுவது யார் தலையில்? துவாக்குடிப் பட்டறையில் வேலை போன தொழிலாளியின் தலையில். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் கூலி பாக்கி நிற்கிறவரின் தலையில். ஸ்ரீரங்கம் தாலுகாவில் வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணின் தலையில்.

ஆகவே இந்தச் சீர்திருத்தங்களை அளக்க நம்மிடம் ஒரே ஒரு படிதான் உண்டு. உழைப்பவன் கோர்ட்டுப் படி ஏறுவதை இது சுலபமாக்குகிறதா, கஷ்டமாக்குகிறதா? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் பாட்டன் காலத்திலேயே சொல்லி வைத்தார்கள். ஏறும்படி செய்கிற சட்டம் நல்ல சட்டம். ஏணியை எடுத்துவிடுகிற சட்டம் கெட்ட சட்டம்.

வேலை போனவனுக்கு எத்தனை நாள்?

1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலையில் வேலை நிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததைத் திருச்சி மறக்கவில்லை. இப்படிப்பட்ட போராட்டங்கள் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1947-ல், தொழில் தகராறுகள் சட்டம் பிறந்தது. எந்தச் சர்க்காரும் தானாக மனமிரங்கிக் கொடுத்த சட்டமல்ல அது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததே தொழிலாளர் கோர்ட்டு. திருச்சியிலும் அப்படி ஒரு கோர்ட்டு ஏற்பட்டது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் இன்று தொழில் உறவுகள் தொகுப்பு நிற்கிறது. தொழிலாளர் கோர்ட்டு என்ற ஏற்பாட்டையே இது எடுத்துவிடுகிறது. ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு நிர்வாகத் துறை உறுப்பினரும் உட்காரும் தொழில் தீர்ப்பாயம் என்பதே இனி ஏற்பாடு. ஜட்ஜ் உட்கார்ந்த இடத்தில் பாதியை நிர்வாகம் பார்த்த அதிகாரிக்குக் கொடுப்பதால் தொழிலாளிக்கு என்ன லாபம் என்று நாம் கேட்கிறோம்.

இன்னொரு மாற்றம் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் வயிற்றில் அடிப்பது அதுதான். வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி முன்பு 3 வருஷத்துக்குள் தொழிலாளர் கோர்ட்டுக்கு நேரே போகலாம். இப்போது அது 2 வருஷம். சமரச அதிகாரியிடம் பேச்சு முறிந்தால், அவருடைய அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். வேலை போனவன் முதல் ஆறு மாதம் வேறு வேலை தேடுகிறான். அடுத்த ஆறு மாதம் மேஸ்திரியின் காலையும் மானேஜரின் காலையும் பிடிக்கிறான். கடன்காரனுக்குப் பயந்து ஊர் மாறுகிறான். சங்க ஆபீசுக்கோ வக்கீலிடமோ வருவதற்குள் பாதிக் காலம் போய்விடுகிறது. அப்படிப்பட்டவனுடைய ஒரு வருஷத்தைத்தான் இந்தத் தொகுப்பு வெட்டியிருக்கிறது.

வக்கீல் விஷயத்துக்கு வருவோம். தொழிலாளர் கோர்ட்டில் ஒரு கட்சிக்காரர் வக்கீலை வைத்து வாதாட வேண்டுமானால் எதிர்த் தரப்பின் சம்மதமும் கோர்ட்டின் அனுமதியும் வேண்டும் என்று 1947 சட்டத்தின் 36-வது பிரிவு சொல்லியது. பணக்கார முதலாளி பெரிய வக்கீலைக் கொண்டு வந்து ஏழைத் தொழிலாளியை அமுக்கிவிடக் கூடாது என்பது நோக்கம். நோக்கம் நல்லதுதான். புதிய தொகுப்பும் அந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. ஆனால் நடைமுறை என்ன? கம்பெனிகள் சட்டம் படித்தவர்களையே பர்சனல் ஆபீசர்களாக நியமித்துக்கொள்ளலாம். ‘வக்கீல் இல்லை, எங்கள் அதிகாரி’ என்று உட்கார வைக்கலாம். தொழிலாளிக்கு இருப்பது சங்கம் ஒன்றுதான். சங்கத்தில் சேராத காண்டிராக்ட் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. கோர்ட்டில் வக்கீல் இல்லாத குறையைச் சங்கம்தான் நிரப்ப முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வயலில் வேலை செய்பவருக்கு என்ன?

நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், கூலி குறைத்துக் கொடுத்தால் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். புதிய கூலித் தொகுப்பில் அது 3 வருஷமாகியிருக்கிறது. கூலி கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளிக்காக அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமே மனுப் போடலாம். விவசாயத் தொழிலாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சட்டம் 3 வருஷம் கொடுத்தாலும், எந்த ஆபீசில், யாரிடம், எந்தப் பாரத்தில் மனுக் கொடுப்பது என்று ஜீயபுரத்துக்கும் அந்தநல்லூருக்கும் போய்ச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்த 3 வருஷமும் காகிதத்தில்தான் இருக்கும்.

குத்தகை விவசாயிகளின் கதையும் இதுதான். 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கையேறுவாரம், மாட்டுவாரம் முறைகளைப் பற்றி 1958-ல் திருச்சி ஜில்லாவுக்கென்றே தனிச் சட்டம் போடப்பட்டது. கோயில் முதலிய பொது தர்ம ஸ்தாபனங்களின் நிலங்களுக்கு 1961-ல் ஒரு சட்டம் வந்தது. காவிரிக் கரையில் கோயில் நிலம் குத்தகைக்குச் செய்கிறவர் தம் உரிமையைக் காக்க வருவாய்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ரசீது வேண்டும், பதிவேட்டில் பெயர் வேண்டும், அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். ரசீதே கொடுக்காமல் நெல்லை அளந்துகொண்டு போகிற இடத்தில் சட்டம் எத்தனை வந்தாலும் குத்தகைதாரர் வெறுங்கையோடுதான் நிற்பார்.

ஸ்ரீரங்கத்தின் அடிமனைப் பிரச்னையையும் பாருங்கள். மனை கோயிலுக்குச் சொந்தம் என்று ஒரு தரப்பு. தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்த இடம் என்று மறு தரப்பு. பல வருஷங்களாக இது தீரவில்லை. வீட்டை விற்கவும் முடியாமல், அடமானம் வைத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யவும் முடியாமல் தவிப்பவர்கள் அங்கே உண்டு. பணமுள்ளவன் இப்படிப்பட்ட கேஸை இருபது வருஷம் நடத்துவான். கூலிக்காரனால் இருபது வாய்தாவுக்கு வர முடியுமா? காலதாமதமே ஏழைக்கு ஒரு தண்டனை. நாடெங்கும் ஜில்லாக் கோர்ட்டுகளிலும் கீழ்க் கோர்ட்டுகளிலும் நிலுவையில் கிடக்கும் கேஸ்கள் 4 கோடிக்கு மேல்.

போலீஸ் ஸ்டேஷனில் தொடங்குவது

இனி கிரிமினல் சட்டங்கள். 1860-ன் பீனல் கோடு, 1872-ன் சாட்சியச் சட்டம், 1973-ன் கிரிமினல் புரொசீஜர் கோடு ஆகிய மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று மூன்று வந்துள்ளன. இங்கிலீஷ்காரன் போட்ட சட்டத்தை ஒழிக்கிறோம் என்று பறை சாற்றினார்கள். பெயரைக் கேட்டால் திருச்சி வக்கீலுக்கே வாய் வழுக்குகிறது. நாற்று நடும் பெண்ணுக்கு என்ன புரியும்? தமிழ்நாட்டில் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்துக் கிளர்ச்சி செய்தார்கள். மாநிலத் திருத்தங்களைப் பற்றி ஆலோசனை சொல்ல ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு ஜட்ஜ் எம். சத்தியநாராயணன் அவர்களைக் கொண்டு ஒரு நபர் கமிட்டியை மாநில சர்க்கார் 2024 ஜூலையில் அமைத்தது.

பெயரை விட முக்கியமானது உள்ளடக்கம். முன்பு ஒருவரைக் கைது செய்தால் முதல் 15 நாட்களுக்குள்தான் போலீஸ் தன் காவலில் எடுத்து விசாரிக்க முடியும். இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 நாட்களுக்குள்ளோ 60 நாட்களுக்குள்ளோ எடுத்துக்கொள்ளலாம். ‘இன்னும் எங்கள் காவலில் எடுக்க வேண்டியிருக்கிறது’ என்று சொல்லி ஜாமீனை எதிர்க்கப் போலீசுக்கு வழி பிறந்துவிட்டது. 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் வரை முதல் கட்ட விசாரணை நடத்திப் பார்த்து, அதன் பிறகே கேஸ் பதியலாம் என்றும் ஒரு ஷரத்து உள்ளது. செல்வாக்குள்ளவன் மீது புகார் கொடுக்கப் போகும் ஏழைக்கு அந்த 14 நாள் எத்தனை பெரியது என்பதைக் கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதிலும் நல்ல அம்சங்கள் உண்டு. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். முதல் தடவையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், ஆயுள் தண்டனை, மரண தண்டனைக் கேஸ்களும் வேறு சில விதிவிலக்குகளும் நீங்கலாக, அவரை விடுவிக்க வேண்டும் என்று 479-வது பிரிவு சொல்கிறது. இது சாதாரண விஷயமல்ல. 2022-ம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்! குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள்! ஜாமீன் கொடுக்க ஆளும் சொத்தும் இல்லாததே அவர்களில் பலர் செய்த குற்றம். திருச்சி மத்திய சிறையில் அப்படி ஒருவர் இருந்தால், கணக்குப் பார்த்து மனுப் போட ஒரு வக்கீல் வேண்டாமா?

கைதுக்கான காரணத்தை எழுத்து மூலமாக, கைதானவருக்குப் புரியும் பாஷையில் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 நவம்பர் 6-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. மாஜிஸ்திரேட் முன்னால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது அது கையில் கிடைக்க வேண்டும். தோழர்களே, இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிய காகிதம் எங்கே என்று கேட்பது இனி உங்கள் உரிமை.

வக்கீலின் வாயை அடைத்தால்

இங்கேதான் வக்கீல்களின் சுதந்திரம் என்ற கேள்வி வருகிறது. 2025 பிப்ரவரி 13-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட நகல் மசோதாவில் என்ன இருந்தது? வக்கீல்கள் வேலை நிறுத்தம் செய்யக் கூடாது; கோர்ட்டைப் புறக்கணிக்கக் கூடாது. இந்திய பார் கவுன்சிலில் மத்திய சர்க்காரின் நியமன உறுப்பினர்கள் 3 பேர் வரை உட்காரலாம். பார் கவுன்சிலுக்கு மத்திய சர்க்கார் உத்தரவு போடலாம். வக்கீல்கள் நாடெங்கும் எதிர்த்தார்கள். பிப்ரவரி 22-ந் தேதி, மசோதாவைத் திருத்தி மறுபடி கொண்டு வருவோம் என்று சர்க்கார் பின்வாங்கியது.

தமிழ்நாட்டுக்கு இது முதல் அனுபவமல்ல. ஒழுங்கீனம் என்று கருதினால் வக்கீலைக் கோர்ட்டில் தொழில் செய்யாமல் தடுக்கும் அதிகாரத்தை ஜட்ஜுகளுக்கே கொடுக்கும் விதிகளை மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2016 மே மாதம் கொண்டு வந்தது. ஜூலையில் வக்கீல்கள் ஹைகோர்ட்டை முற்றுகையிட்டார்கள். பலர் தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டார்கள். கடைசியில் 2019 ஜனவரி 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த விதிகளை ரத்து செய்தது.

கட்சிக்காரருக்கு ஆலோசனை சொன்னதற்காக வக்கீலுக்கே சம்மன் அனுப்பும் வழக்கத்தையும் 2025-ல் பார்த்தோம். அமலாக்கத் துறை இரண்டு மூத்த வக்கீல்களுக்கு அப்படிச் சம்மன் அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் சம்மன்கள் வாபஸ் ஆயின. அக்டோபர் 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்குக் கடிவாளம் போட்டது. சட்டம் சொல்லும் விதிவிலக்குகளைத் தவிர, கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதைப் போலீஸ் வந்து தோண்டக் கூடாது.

இது ஏன் நமக்கு முக்கியம்? தொழிலாளிக்காக வாதாடுகிற வக்கீல் எதிர்த்து நிற்பது சாதாரண ஆளையல்ல. ஒரு பக்கம் கம்பெனி, இன்னொரு பக்கம் போலீஸ், பல சமயம் சர்க்காரே. அந்தச் சர்க்காரின் கையில் வக்கீலின் சன்னது இருந்தால் அவர் நெஞ்சை நிமிர்த்திப் பேச முடியுமா? பாரிஸ்டர் வி.ஜி. ராவ் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை மெட்ராஸ் சர்க்கார் 1950-ல் சட்ட விரோதமானது என்று அறிவித்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். ஹைகோர்ட்டில் வென்றார். 1952 மார்ச் 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. சங்கம் அமைக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அந்தக் கேஸை எடுத்துச் சொல்கிறார்கள். சர்க்காருக்குப் பயந்த ஒருவர் அந்தக் கேஸைப் போட்டிருப்பாரா?

கம்ப்யூட்டரும் வாய்தாவும்

கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. மின்வழித் தாக்கலைக் கட்டாயமாக்குவதை எதிர்த்துத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வக்கீல்கள் போராடினார்கள்.

யந்திரத்துக்கு நாம் விரோதிகளல்ல. மதுரையில் ஹைகோர்ட்டுக் கிளை 2004 ஜூலை 24-ந் தேதி திறப்பதற்கு முன் திருச்சிக்காரர் ஒவ்வொரு அப்பீலுக்கும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று வீட்டிலிருந்தே கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று போனில் பார்க்க முடிகிறது. இது முன்னேற்றம்தான். ஆனால் ‘கட்டாயம்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. காகிதங்களைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். அதற்கு யந்திரம் வேண்டும், தடையில்லாத இணைய வசதி வேண்டும், ஆள் வேண்டும். பெரிய ஆபீஸ் வைத்திருப்பவருக்கு இது பிரமாதமல்ல. தாலுகாக் கோர்ட்டில் ஒரு மேஜையும் ஒரு குமாஸ்தாவுமாகத் தொழில் செய்பவருக்கு இது புதிய செலவு. அந்தச் செலவு யார் பில்லில் ஏறும்? கட்சிக்காரரின் பில்லில்தான். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு காகிதத்திலும் கொடு என்று கேட்டால் செலவு இரட்டிப்பு. சர்க்கார் செலவில் ஒவ்வொரு கோர்ட்டிலும் ஆளும் யந்திரமும் வைத்து இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டு, அதன் பிறகு கட்டாயம் என்று சொல்லட்டும்.

கறுப்புக் கோட்டுக்குள்ளும் ஒரு கூலிக்காரர்

வக்கீல்கள் எல்லோரும் ஒரே தட்டில் இருப்பவர்களல்ல. ஜூனியர் வக்கீல் என்பவர் சீனியரின் கட்டுகளைச் சுமந்து, வாய்தா கேட்டு, நகல் எழுதி, மாதக் கடைசியில் பஸ் சார்ஜுக்குக் கை நீட்டுகிறவர். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஜில்லாக்களில் 15,000 ரூபாயும் கொடுக்கும்படி சுற்றறிக்கை விட வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு 2024 ஜூனில் மெட்ராஸ் ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கு நாம் நடத்தும் போராட்டம் கோர்ட்டு வளாகத்துக்குள்ளும் உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது.

சன்னது வாங்கவே சில மாநிலங்களில் 15,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாய் வரை வசூல் செய்தார்கள். சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. விவசாயத் தொழிலாளியின் மகளும் வக்கீலாகலாம் என்பதற்கு ஒரு பூட்டு திறந்தது.

இன்னொரு பூட்டு பாக்கி இருக்கிறது. ஸ்ரீரங்கம் தாலுகா நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அதில் பட்டப்படிப்புக்குச் சேர எழுத வேண்டிய அகில இந்தியப் பரீட்சை இங்கிலீஷில் மட்டும்தான். பக்கத்து வயலில் களை எடுப்பவரின் பிள்ளை தமிழில் படித்துவிட்டு அந்தக் கட்டடத்துக்குள் நுழைவது எப்படி? நல்லவேளை, திருச்சியில் சர்க்கார் சட்டக் கல்லூரி 1979 முதல் இருக்கிறது. அதை வளர்ப்பது நம் பொறுப்பு.

பாஷைப் பிரச்னை அங்கேயே நிற்கவில்லை. ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பர் 6-ந் தேதி சட்டசபை தீர்மானம் போட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஹைகோர்ட்டுகளில் ஹிந்திக்குக் கிடைத்த அனுமதி தமிழுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தன் கேஸில் தன் வக்கீல் என்ன பேசுகிறார் என்று கட்சிக்காரருக்கே புரியாத இடத்தை மக்கள் கோர்ட்டு என்று எப்படிச் சொல்வது?

வக்கீல்களிடம் நம் கேள்வி

வக்கீல்கள் நம் ஆதரவைக் கேட்கட்டும், கொடுப்போம். ஆனால் அவர்களிடம் நாமும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

வக்கீல்களுக்கு வேலை நிறுத்த உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2002 டிசம்பரில் சொன்னது. கூட்டாக எதிர்ப்புக் காட்டும் உரிமையை யாரிடமிருந்து பறித்தாலும் நாம் ஏற்க மாட்டோம். ஆனால் தொழிலாளி வேலை நிறுத்தம் செய்தால் நஷ்டம் முதலாளிக்கு. கோர்ட்டைப் புறக்கணித்தால் நஷ்டம் யாருக்கு? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முசிறியிலிருந்து வந்து, வாய்தா என்று கேட்டுத் திரும்பும் பெண்ணுக்கு. ஜாமீன் மனு எடுக்கப்படாமல் இன்னொரு இரவைச் சிறையில் கழிக்கும் கூலிக்காரனுக்கு. ரிமாண்டு, ஜாமீன், ஜீவனாம்சம், கூலி பாக்கி கேஸ்களைப் புறக்கணிப்பிலிருந்து விலக்கி வைத்தால் வக்கீல்களின் போராட்டத்துக்குப் பலம் கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாவது, இலவச சட்ட உதவி. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளவர் ஆகியோர் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீலைக் கேட்கலாம். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தால் போதும். ஜில்லா சட்டப் பணிகள் ஆணையத்திலும் நேரில் கேட்கலாம். ஆனால் மூத்த வக்கீல்கள், கெட்டிக்கார வக்கீல்கள் வருஷத்தில் சில கேஸ்களாவது இப்படி ஏழைக்காக எடுத்து நடத்துகிறார்களா? இலவசம் என்பதற்காக வேலையும் அரைகுறையாக இருக்கலாமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

ஒரு சங்கம் சாதித்தது

வேறு நாட்டில் நடந்ததையும் பாருங்கள். இங்கிலாந்தில் கட்சிக்காரரைச் சந்தித்துக் கேஸைத் தயார் செய்கிறவர் சொலிசிட்டர். பெரிய கோர்ட்டுகளில் நின்று வாதாடுகிறவர் பெரும்பாலும் பாரிஸ்டர். நம் நாட்டில் இரண்டு வேலையையும் வக்கீலே செய்கிறார். அங்கே 2013 ஜூலையில் சர்க்கார் வேலைத் தகராறுத் தீர்ப்பாயங்களில் பீஸ் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. கூலி பாக்கிக்கு விசாரணை வரை போனால் 390 பவுண்டு. அநியாயமாக வேலை நீக்கினார்கள் என்று வழக்காடினால் 1,200 பவுண்டு. விளைவு? கேஸ்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தன. முதலாளிகள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை, தொழிலாளியிடம் பணமில்லை.

யூனிசன் என்ற தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றது. விடவில்லை. 2017 ஜூலை 26-ந் தேதி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அந்த பீஸ் உத்தரவையே சட்ட விரோதம் என்று தூக்கி எறிந்தது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சர்க்கார் ஒப்புக்கொண்டது. தனித்தனித் தொழிலாளியால் முடியாததை ஒரு சங்கமும், அதன் பக்கம் நின்ற வக்கீல்களும் சேர்ந்து சாதித்தார்கள்.

நாம் கேட்பது

ஒன்று: வேலை நீக்கத்தை எதிர்த்து மனுப் போடும் காலத்தை மறுபடி 3 வருஷமாக்க வேண்டும். திருச்சியில் தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் மன்றம் ஒரு நாள்கூட ஜட்ஜ் இல்லாமல் காலியாகக் கிடக்கக் கூடாது.

இரண்டு: பார் கவுன்சிலில் சர்க்கார் நியமனமோ, சர்க்கார் உத்தரவோ கூடாது. திருத்த மசோதா எந்த உருவில் வந்தாலும் முதலில் மக்கள் முன் தமிழில் வைக்க வேண்டும்.

மூன்று: புதிய கிரிமினல் சட்டங்களில் போலீஸ் காவலை நீட்டும் ஷரத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைதுக் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான்கு: மின்வழித் தாக்கல் வேண்டுமானால் அதன் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். காகித மனுவை மறுக்கக் கூடாது.

ஐந்து: விவசாயத் தொழிலாளர் அனைவரையும், வருமானச் சான்று கேட்டு அலைக்கழிக்காமல், இலவச சட்ட உதவிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இவற்றை வக்கீல்கள் மட்டும் கேட்டால் தொழில் நலனுக்காகக் கேட்கிறார்கள் என்பார்கள். நாம் மட்டும் கேட்டால் படிக்காதவர்கள் என்பார்கள். இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை நம் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த காகிதம், சம்பளச் சீட்டு, குத்தகை ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். வேலையை விட்டு நிறுத்தினால் அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள். அந்த வாரமே சங்க ஆபீசுக்கு வாருங்கள். ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு நாள், ஒரு வக்கீலை அழைத்துக் கிராமத்திலும் மில் வாசலிலும் உட்கார வைக்கட்டும். கேட்பவர் தமிழில் கேட்கட்டும். அவர் தமிழில் சொல்லட்டும்.

ஏழை சொல் தானாக அம்பலம் ஏறாது. நாலு பேர் சேர்ந்து ஏற்றினால் ஏறும். ஏற்றுவோம்!